சேர்ந்து போகலாம், சேர்ந்து ஓடலாமா?

2024 ஓகஸ்ட் 11 (கோப்பாயிலிருந்து ஒரு வாசகர்)

நாங்கள் நாலு பேர், ஒரே வகுப்பு. நான் ஊரில், மற்ற மூன்று பேரும் வெளியே. ஏதாவதொரு நாட்டில் சந்தித்து நாலு பேருமாக ஒரு மரதன் ஓடுவோம் என்று வட்ஸ்அப்பில் ஒரே கதை. அண்ணா, நீங்களும் இப்படி ஏதோ திட்டத்தில் இருப்பதாக முன்பு எழுதியிருந்தீர்கள். இது காசைக் கொட்டிக் கால் நோவு வாங்குகிற வேலையா? யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டே அதற்குத் தயாராக முடியுமா?

2024 ஓகஸ்ட் 12

முதலாவதுக்கும் ஓம், இரண்டாவதுக்கும் ஓம்.

எங்கள் கதையும் அச்சொட்டாக இதுதான். ஒருவன் ரொறன்ரோ, ஒருவன் சூரிச், ரியூசனில் எங்களோடு படித்த ஒருத்தி லண்டன். நான் நல்லூர். வயது நாற்பத்தேழு. சூரிச்காரன் பேர்லின் என்றான். பாதை தட்டை, உலக சாதனை விழுகிற இடம், கென்ய ஓட்டக்காரர் கிப்சோகே 2022 இல் 2:01:09 ஓடியது அங்கேதான் என்று ஒரு பிரசங்கம். குலுக்கலில் இடம் விழுமா என்பது அவர்களுடைய கவலை. எனக்கு அதற்கு முந்திய கவலை. முன்பொருமுறை ஐரோப்பாவுக்கு விசா கேட்டு மறுப்பு வாங்கியவன் நான். திரும்பி வருவேன் என்பதில் அவர்களுக்கு நம்பிக்கை இல்லையாம். 42 கிலோமீற்றர் ஓடி முடித்த மனிசன் அதற்குப் பிறகு எங்கே ஓடி ஒளியப் போகிறான் என்று ஒரு வரி சேர்த்து மறுபடி விண்ணப்பிக்கலாமா என்று யோசித்தேன்.

கடைசியில் இடத்தை இலங்கைக் கடவுச்சீட்டிடம் விட்டோம். அது சிங்கப்பூர் என்றது. முன்கூட்டி விசா வேண்டாம், போவதற்கு முந்திய மூன்று நாளுக்குள் இணையத்தில் வருகை அட்டை நிரப்பினால் சரி. டிசெம்பர் 1, ஞாயிறு. நாலு பேரும் காசு கட்டியாயிற்று. தம்பி, உங்கள் குழுவிலும் ஆகப் பலவீனமான கடவுச்சீட்டு யாருடையதோ அவரிடமிருந்து தொடங்குங்கள். மற்ற மூன்று பேருக்கும் இது தானாக ஞாபகம் வராது.

2024 ஓகஸ்ட் 12, இரவு

"மரதன் என்றால் ஐந்தாறு கிலோமீற்றர்தானே?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். சிரிக்காதீர்கள், என் அம்மாவுக்கும் இதே நினைப்புத்தான். எங்கள் ஊரில் மரதன் என்றால் இல்ல மெய்வல்லுநர் போட்டிக்கு முன்னால் பள்ளிக்கூடம் வைக்கிற றோட்டு ஓட்டம். சந்திக்குச் சந்தி குளுக்கோசும் தோடம்பழத் துண்டும் கையில் தருவார்கள். கடைசியாக வருகிறவன் சைக்கிள் கரியரில் ஏறி வருவான். இது வேறு: 42.195 கிலோமீற்றர். அந்தத் தூரம் 1908 லண்டன் ஒலிம்பிக்கில் விண்ட்சர் மாளிகையிலிருந்து அரங்கில் அரச குடும்பம் இருந்த இடம் வரைக்கும் அளந்தது. 1921 இல் அதையே நிரந்தரமாக்கினார்கள். அம்மாவிடம் இதையெல்லாம் விளக்கினேன். "முத்திரைச்சந்திக்குப் போய் வாறதுதானே, கவனமாப் போ" என்றா.

2024 ஓகஸ்ட் 25

எங்கே ஓடுவது என்பதற்கு.

நல்லூர்த் திருவிழா நடக்கிறது, கோயிலைச் சுற்றின றோட்டெல்லாம் மணல். மணலில் ஓடக்கூடாது என்றில்லை, ஆனால் விடியப்புறம் பிரதட்டை பண்ணுகிறவர்களுக்குப் பக்கத்தால் அரைக் களிசானோடு ஓடிப் பாருங்கள், எந்த மாமி என்ன சொல்லுவா என்று தெரியும். ஆகவே இந்த மாதம் பண்ணைதான். கோட்டையடியில் தொடங்கிப் பண்ணைப் பாலத்தால் மண்டைதீவுச் சந்தி தாண்டி வேலணைப் பக்கம் போய்த் திரும்புகிறேன். இரண்டு பக்கமும் கடல், நிழல் கிடையாது, சோளகம் பக்கவாட்டில் அடிக்கிறது. போகும்போது வேகம் அரை நிமிடம் குறையும். திரும்பும்போது கூடும் என்று நினைத்தால் அதுவும் இல்லை.

நாய்கள்: ஓடினால் துரத்தும், நின்றால் யோசிக்கும், குனிந்தால் போய்விடும். இந்தக் குனிதலில் நாளுக்குப் பத்துத் தரம் முதுகுக்கும் பயிற்சி.

"இங்கே வசதி எதுவும் இல்லை, இங்கிருந்து யார் என்ன சாதித்தார்" என்றவருக்கு: 1958 ஆசிய விளையாட்டில் உயரம் பாய்தலில் தங்கம் எடுத்த எதிர்வீரசிங்கம் யாழ் மத்திய கல்லூரிப் பெடியன்.

2024 ஓகஸ்ட் 26

அவர் 58 இல் அமெரிக்காவில் படித்துக்கொண்டிருந்தார் என்று திருத்துகிறார்கள். சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்குக்கு இங்கிருந்துதான் போனார். என் வாதத்தில் பாதியாவது நிற்கிறது.

2024 செப்ரெம்பர் 16

சப்பாத்து வந்தது. ரொறன்ரோக்காரன் தன் பெரியம்மாவின் பயணப்பையில் வைத்து அனுப்பினான். அதற்குள் இரண்டு கிலோ சொக்கிலேற்று, மூட்டுவலித் தைலம், எல்லாவற்றுக்கும் அடியில் சப்பாத்து. வழமையான அளவைவிட அரை அளவு பெரிதாக எடுக்கச் சொல்லியிருந்தேன், நீண்ட ஓட்டத்தில் பாதம் வீங்கும். புதுச் சப்பாத்தைப் போட்டியன்று முதன்முதலாகப் போடுகிறவனைக் கண்டால் எனக்கு அறிவியுங்கள், நான் வந்து கதைக்கிறேன்.

யாழ்ப்பாணத்தில் இல்லாதது மேடு. சிங்கப்பூர்ப் பாதையில் பாலங்கள் இருக்கின்றன, ஏற வேண்டும். இங்கே எதில் ஏறுவது? ரொறன்ரோக்காரனின் மாடி வீடு எங்கள் ஒழுங்கையில் பூட்டிக் கிடக்கிறது. திறப்பு என்னிடம், பூமரத்துக்குத் தண்ணி விடுகிற உத்தியோகம். அவனுடைய படி பதினெட்டு. வாரத்தில் இரண்டு நாள் அதில் நாற்பது தரம் ஏறி இறங்குகிறேன். பக்கத்து வீட்டு ஐயா மதிலால் எட்டிப் பார்த்து, "தம்பி, ஏதும் துலைச்சுப் போட்டீரோ?" என்றார். விளக்கினேன். பிறகு அவர் என்னை வேறு விதமாகப் பார்க்கிறார்.

வீட்டுக்காரனுக்கு இதைச் சொல்லவில்லை.

2024 ஒக்ரோபர் 7

நேற்று ஆக நீண்ட ஓட்டம். வீட்டிலிருந்து பருத்தித்துறை, 32 கிலோமீற்றர் காட்டியது கைக்கடிகாரம். விடியச் சாமம் மூன்றரைக்கு வெளிக்கிட்டேன். கோப்பாய் தாண்டும்போது இருட்டு. நீர்வேலியில் ஒரு தேத்தண்ணீர்க்கடை திறந்திருந்தது, இரண்டு கதலி வாழைப்பழம், காசு வாங்க மறுத்தார், பாவம் என்று நினைத்திருப்பார். அதுவரை சுகம். வல்லை வெளியில்தான் பாடம் எடுத்தது. சைக்கிளில் போகிறவனையே காற்று நிறுத்தி வைக்கிற இடம் அது. கால் எடுத்து வைக்கிறேன், வெளி முடியவே இல்லை. நெல்லியடிக்கு வந்தபோது முணுமுணுத்துக்கொண்டு ஓடினேன், என்ன முணுமுணுத்தேன் என்பதை இங்கே எழுத ஏலாது.

முடிவில் பருத்தித்துறை வடை ஆறு. உப்பும் எண்ணெயும், அமிர்தம். திரும்ப 750 ஆம் இலக்க பஸ். கண்டக்டர் என்னை மேலும் கீழும் பார்த்து, "அண்ணை, போன பஸ்ஸைத் துரத்திக்கொண்டே வந்தனீங்கள்?" என்றார். பஸ்ஸே சிரித்தது. எனக்குச் சிரிக்கவும் வயிற்றுத் தசை விடவில்லை.

2024 ஒக்ரோபர் 9

ஓடும்போது பனங்கட்டி தின்பதைப் பற்றிக் கேட்கிறீர்கள். மணித்தியாலத்துக்கு 30 முதல் 60 கிராம் மாச்சத்து உள்ளே போக வேண்டும் என்பது பொதுக் கணக்கு, ஏனென்றால் தசையில் சேமித்த சர்க்கரை முப்பது கிலோமீற்றர் அளவில் தீர்ந்து போகும், அங்கேதான் ஆட்கள் "சுவரில் மோதினேன்" என்பார்கள். வெளியே இருப்பவர்கள் அதற்குப் பசை மாதிரி ஒன்று பொட்டலத்தில் உறிஞ்சுகிறார்கள். விலையைக் கேட்டேன், ஓலைக் குட்டானில் விற்கிற பனங்கட்டிக்குத் திரும்பிவிட்டேன். சிறு துண்டாக உடைத்து, ஒரு துளி உப்பும் சேர்த்து, பொலித்தீனில் சுற்றி இடுப்புப் பையில். வல்லை வெளியில் அருமையாக வேலை செய்தது.

2024 நவம்பர் 10

குழுவில் சண்டை. நல்ல சண்டை, எழுதி வைக்க வேண்டும்.

ரொறன்ரோக்காரன் ஒரு சபதம் கொண்டுவந்தான்: நாலு பேரும் கடைசி வரைக்கும் ஒன்றாக, கிலோமீற்றருக்கு ஏழு நிமிடம், கை கோத்து முடிவுக் கோடு. சூரிச்காரன் ஓம் என்றான். நானும் ஓம் என்றேன், சப்பாத்துத் தந்தவன் அல்லவா. லண்டன்காரி குரல் பதிவு போட்டாள்: "நான் ஒருத்தருக்காகவும் நிக்கமாட்டன். சாப்பாட்டுக்கு ஒண்டா இருப்பம், ஓட்டத்துக்கு இல்லை." இரண்டு நாள் யாரும் அவளோடு கதைக்கவில்லை. எனக்கும் அவள் சொன்னது கல்நெஞ்சமாகத்தான் பட்டது.

அவள் பத்து நாள் முன்னதாகவே சிங்கப்பூர் போய் மச்சாள் வீட்டில் நிற்கப் போகிறாளாம். உடம்பு வெக்கைக்குப் பழக ஒரு கிழமை இரண்டு கிழமை வேண்டும் என்கிறாள். ஆண்கள் இரண்டு பேரும் குளிருக்குள் பயிற்சி எடுத்து வெள்ளிக்கிழமை வந்து ஞாயிறு ஓடுவார்களாம். பார்ப்போம்.

2024 நவம்பர் 28

முற்றத்தில் முழங்கால் தண்ணீர். உயர்தரப் பரீட்சையே ஒத்திவைத்துவிட்டார்கள். புயலுக்கு ஃபெங்கல் என்று பெயராம். சப்பாத்தை அரிசி வாளிக்குள் வைத்து மூடி, வாளியைத் தலையில் வைத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போகிறேன். அம்மா சொல்லுறா, இந்த மழைக்குள்ளே ஆர் ஓட்டப் போட்டி வைக்கிறது என்று. சிங்கப்பூர் வேறு நாடு என்று அவவுக்குத் தெரியும். சொல்ல வேண்டும் போல இருந்திருக்கும்.

2024 டிசெம்பர் 3

ஓடியாயிற்று. நாலு பேரும் முடித்தோம். பதக்கம் கனம்.

ஏழு மணிக்குக் கிட்டத்தான் அங்கே சூரியன் எழும்பும், ஓட்டம் தொடங்குவதோ நல்ல இருட்டில். எங்கள் நேரத்துக்கு இரண்டரை மணித்தியாலம் முந்திய ஊர், ஆகவே என் உடம்புக்கு அது நடுச்சாமம். வெயில் இல்லாவிட்டாலும் காற்றில் ஈரம் நிரம்பியிருந்தது. வியர்வை காய்ந்தால்தான் உடம்பு குளிரும், அங்கே அது காயவே மாட்டாது, சட்டை முதல் ஐந்து கிலோமீற்றரிலேயே குளத்தில் முங்கியது போல. வசிலின் பூசாத இடமெல்லாம் பிறகு குளிக்கும்போது தெரிந்தது.

லண்டன்காரி தொடங்கும்போதே கை காட்டிவிட்டுப் போய்விட்டாள். நாங்கள் மூவரும் சபதப்படி ஏழு நிமிடம். பாதித் தூரம் வரை நன்றாகப் போயிற்று, பழைய வாத்திமார் கதை, பகிடி. பிறகு சூரிச்காரன் "கொஞ்சம் முன்னாலே போய்ப் பாக்கிறன்" என்றான், எதைப் பார்க்கப் போனான் என்று தெரியாது, முடிவில்தான் கண்டோம். ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவில் கடலோரம், நங்கூரம் போட்ட கப்பல்கள் வரிசையாக. பனங்கட்டி இடுப்புப் பையில் பாணியாகிப் பொலித்தீனோடு ஒட்டிவிட்டது, விரலால் வழித்து நக்கிக்கொண்டு ஓடினேன். வல்லை வெளிக்குச் சரி, சிங்கப்பூருக்குச் சரிவராது. ஒக்ரோபர் 9 குறிப்பைத் திருத்தி வாசிக்கவும்.

முப்பத்துநாலாவது கிலோமீற்றரில் ரொறன்ரோக்காரன் நின்றுவிட்டான். முகம் வெளுத்து, கையை முழங்காலில் ஊன்றிக்கொண்டு. நானும் நின்றேன். மிச்சத்தை இரண்டு பேருமாக நடந்தோம். லண்டன் 4:41, சூரிச் 5:20, நாங்கள் இரண்டு பேரும் 5:54. சூரிச்காரன் தன் ஊரில் நாலு மணித்தியாலத்துக்குள் ஓடுகிறவன்.

2024 டிசெம்பர் 4

சில்லறைக் கேள்விகள். தண்ணீர் நிறையத் தருகிறார்கள், ஆனால் உப்பில்லாமல் தண்ணீரை மட்டும் குடித்துக்கொண்டே போகாதீர்கள், அதுவும் ஆபத்து. கழிவறை வரிசை நீளம். சுவிங்கம் மென்றபடி ஓடுகிற பழக்கம் இருந்தால் வீட்டிலேயே விட்டுவிட்டுப் போங்கள், 1992 இலிருந்து அங்கே அதை உள்ளே கொண்டுபோக முடியாது.

2024 டிசெம்பர் 7

பதினேழு பேர் "நட்பென்றால் இது" என்று எழுதியிருக்கிறீர்கள். நித்திரை வரவில்லை. திருத்துகிறேன்.

நான் நிற்கவில்லை. அவன் குனிந்து நின்றுகொண்டு "நீ போ மச்சான்" என்றான். ஒரு தரம்தான் சொன்னான். நான் போய்விட்டேன். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, பார்த்தால் நிற்க வேண்டி வரும் என்று தெரியும். அவனை விட்டு ஓடும்போது கால் இலேசாக இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இரண்டு கிலோமீற்றருக்கு அங்கால் தண்ணீர் மேசையடியில் எனக்கு வலது தொடை பிடித்துக்கொண்டது. மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பன்னிரண்டு நிமிடம். அவன் வந்து சேர்ந்தான், சேர்ந்து நடந்தோம். தொடை பிடிக்காவிட்டால் நின்றிருப்பேனா? நின்றிருப்பேன் என்று எழுதத்தான் ஆசை.

அந்தப் பன்னிரண்டு நிமிடத்தில் நினைத்தது ஒன்று இருக்கிறது. நாங்கள் இரண்டு பேரும் கடைசியாகச் சேர்ந்து நடந்தது 1995 ஒக்ரோபர் 30, யுத்தத்தால் யாழ்ப்பாணமே இடம்பெயர்ந்த இரவு. இந்த ஊரில் அந்தத் திகதியை விளக்கத் தேவையில்லை. நாவற்குழிப் பாலத்துப் பக்கம் முழுச் சனமும், மழை, ஓரடி வைக்க ஒரு மணித்தியாலம். அன்றைக்கும் விட்டுப் பிரிவதில்லை என்றுதான் இரண்டு குடும்பமும் வெளிக்கிட்டது. அவன் சைக்கிளில் அப்பம்மாவை இருத்தித் தள்ளிக்கொண்டு வந்தான். பாலத்துக்குக் கிட்ட நான் இடைவெளி கண்டு முன்னால் போய்விட்டேன். பிறகு அவனைக் கண்டது 2011 இல், கட்டுநாயக்க விமான நிலையத்தில்.

இதை அவனிடம் கேட்டதில்லை. அங்கேயும் கேட்கவில்லை. நடக்கும்போது அவன் முழுக்க முழுக்கக் கொத்துரொட்டியைப் பற்றித்தான் கதைத்தான்.

2024 டிசெம்பர் 15

வேறு கதைக்கு வருவோம், போன குறிப்புக்குப் பிறகு எல்லாரும் என்னோடு மெதுவாகக் கதைக்கிறீர்கள், வேண்டாம்.

ஓட்டத்துக்கு அடுத்த நாள் நொண்டிக்கொண்டு கத்தோங் போனோம். ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவிலிருந்து பெரிய தூரமில்லை. அங்கே சிலோன் றோட் என்றே ஒரு தெரு, அதில் செண்பக விநாயகர் கோயில், எங்கள் ஆட்கள் போய்க் கட்டி வளர்த்தது. என் பூட்டனார் மலாயாவில் புகையிரதப் பகுதியில் எழுதுவினைஞர். நல்லூரில் எங்கள் வீட்டுக்கு முன்விறாந்தை போட்டது அந்தப் பென்சன் காசில். அந்தக் காலத்தில் ஒழுங்கைக்கு ஒரு மலாயாப் பென்சன்காரர் இருந்திருப்பார். சிங்கப்பூரின் முதல் வெளிநாட்டமைச்சர் இராஜரத்தினம் பிறந்ததும் 1915 இல் யாழ்ப்பாணத்தில்தான். கோயிலில் சப்பாத்தைக் கழற்றக் குனிய முடியவில்லை நாலு பேருக்கும். ஒரு வயதான அம்மா பார்த்துவிட்டு "என்ன பிள்ளையள், நேர்த்தியோ?" என்றா. லண்டன்காரி ஓம் என்றாள்.

அவளைப் பற்றி நவம்பர் 10 இல் எழுதினதை வாபஸ் வாங்குகிறேன். அவள் முடித்துவிட்டு, எங்களுக்காக ஒரு மணித்தியாலத்துக்கு மேல் வெயிலில் மூன்று போத்தல் இளநீரோடு நின்றாள். சபதம் எடுத்த நாங்கள் மூவரும் ஆளுக்கொரு நேரத்தில் அதை முறித்தோம். எடுக்காதவளுக்கு முறிக்க ஒன்றும் இருக்கவில்லை.

2024 டிசெம்பர் 29

கோப்பாய்த் தம்பி செலவு கேட்கிறார். தொகை எழுத மாட்டேன், வீட்டிலும் இதை வாசிக்கிறார்கள். ஒரு சிங்கப்பூர் டொலர் 200 ரூபாய்க்கு மேல் என்பதை மட்டும் வைத்துக்கொண்டு ஒவ்வொரு தேத்தண்ணீரையும் பெருக்கிப் பாருங்கள். அறையைப் பங்கு போட்டது இலாபம். சூரிச்காரனின் குறட்டை அந்த இலாபத்தைத் தின்றது. பணம் வைத்திருப்பவன் "நான் பாக்கிறன்" என்று பில்லை இழுப்பான், ஒரு தரம் விடுங்கள், இரண்டாம் தரம் விடாதீர்கள். ஊரில் இருக்கிறவன் எப்போதும் விருந்தாளி என்ற நினைப்பு அவர்களுக்குப் பழகிவிட்டால் அடுத்த பயணம் கசக்கும்.

2025 ஜனவரி 16

ரொறன்ரோக்காரன் பொங்கலுக்கு வந்து நிற்கிறான். நேற்று விடியப் பண்ணைக்கு இரண்டு பேருமாகப் போனோம், எட்டுக் கிலோமீற்றர், வாடைக்காற்று. போகிற வழியில் சொன்னான், இந்த இழையை ஆரம்பத்திலிருந்து வாசித்தானாம். எனக்கு மூச்சு நின்றது, ஓட்டத்தால் இல்லை.

"நீ எழுதினது பிழை மச்சான்" என்றான். பாலத்தைப் பற்றித்தான் சொல்லப் போகிறான் என்று நினைத்தேன். "முப்பத்துநாலிலே எனக்குச் சத்தி வாற மாதிரி இருந்தது. எடுத்துப் போட்டுச் சுகமா ஓடத் தொடங்கியிட்டன். நல்ல வேகம். தண்ணி மேசையிலே பாத்தா நீ ஒற்றைக் காலிலே கொக்கு மாதிரி நிக்கிறாய். உனக்காகத்தான் நடந்தனான். எனக்கு 5:30 வந்திருக்கும்."

நம்பவா விடவா தெரியவில்லை. பாலத்தைப் பற்றி அவன் ஒன்றும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

செப்ரெம்பர் 16 ஆம் திகதிக் குறிப்பையும் வாசித்திருக்கிறான். வீட்டுக்கு வந்ததும் கையில் ஒரு வாளியும் தும்புத்தடியும் தந்தான். பதினெட்டுப் படியும் சப்பாத்து அடையாளம். பக்கத்து வீட்டு ஐயா மதிலால் பார்த்துக்கொண்டிருந்தார்.